சராசரியும் திட்ட விலக்கமும்

(கங்கைகொண்டானில் நம் சங்கக் கல்வி நிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் ஓதுவிக்கும் ஆசிரியர் கணக்கைப் பற்றிப் பேச எழுந்து நிற்பது உங்களுட் பலர்க்கு வியப்பாயிருக்கும். செயலர் அவர்கள் எம்மை அழைத்த பொழுது, காப்பியம் ஒன்றைக் குறித்து யாதேனும் உரைப்போம் என்றே எண்ணியிருத்தல் வேண்டும். தலைப்பைச் சொன்னவுடன் சற்றே தயங்கினார், ஆயினும் மறுத்தாரில்லை. இதனை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஒரு சிறுவன் எம்மைக் கேட்ட கேள்வி. மற்றொன்று, இச்சங்கத்தின் கல்வி நிதிக் குழுவில் அமர்ந்து யாமே செய்த பிழை. கேள்வியை முதலிற் சொல்லிப் பிழையைப் பின்னர்ச் சொல்லுவோம்.

ஒரு மாலைப் பொழுதில் எம் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டும் கையுமாக எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். வாத்தியார் என்றால் எல்லாம் அறிந்தவர் என்பது அவன் தந்தையார் கொண்ட நம்பிக்கை. புள்ளியியற் பாடத்தில் திட்ட விலக்கம் காண்க என்று வீட்டுக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் சூத்திரத்தை எழுதி, எண்களை இட்டு, விடையையும் கண்டிருந்தான். புத்தகத்தின் இறுதியிலுள்ள விடையோடு அது ஒத்துமிருந்தது. "பின்னர் எதற்கு வந்தாய், தம்பி?" என்று வினவினோம். "ஐயா, விடை 14.14 என்று வந்துவிட்டது. அந்த 14.14 என்றால் என்ன என்றுதான் தெரியவில்லை" என்றான்.

யாம் விழித்தோம். "அதுதானப்பா விடை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. பொருள் அறியாமற் செய்யுளை நெட்டுருச் செய்து ஒப்பிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பிற் கடிந்துகொள்பவர் யாம். பொருள் அறிய விரும்பி வந்த ஒரு பிள்ளையை யாமே வாயடைத்து அனுப்பினோம் அல்லவா? மறுநாள் எம் பள்ளிக் கணக்காசிரியரிடம் சென்று, நடந்ததை மறையாது கூறி, மாணாக்கராய் அமர்ந்தோம். அவர் எம்மினும் பதினைந்து ஆண்டு இளையவர். நண்பகல் உணவு வேளையிற் பத்து நாட்கள் பொறுமையோடு கற்பித்தார். இன்று உங்கள் முன் வைப்பது அவர் தந்த செல்வமே. பிழையுளதேல் அது எம்முடையது.

சராசரி யாவரும் அறிந்தது. பாரசீக வழியாய்க் கணக்கர் ஏட்டுக்கு வந்து நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்ட சொல் அது. எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை உளவோ அத்தனையால் வகுத்தால் சராசரி. இதனைக் கொண்டே நாம் பிள்ளைகளை அளக்கின்றோம்; விளைச்சலை அளக்கின்றோம்; மழையை அளக்கின்றோம். ஆனால் சராசரி பாதிச் செய்தியையே சொல்லுகின்றது.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் எனக் கொள்வோம். மூத்தவன் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்திலும் முறையே 62, 59, 58, 60, 61 பெறுகின்றான். இளையவள் 80, 50, 40, 60, 70 பெறுகின்றாள். இருவர்க்கும் கூட்டுத்தொகை 300, சராசரி 60. தகப்பனார் மதிப்பெண் அட்டையின் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இருவரும் ஒன்றுதான்" என்று கையெழுத்திடுகின்றார். ஒன்றா? மூத்தவனுக்கு எப்பாடத்திலும் அச்சமில்லை, எப்பாடத்திலும் சிறப்புமில்லை. இளையவளுக்கோ தமிழில் ஒளி தெரிகின்றது. கணிதத்தில் இன்றே ஒருவர் கைகொடுத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சராசரி விழுங்கிவிட்டது.

விழுங்கியதை மீட்பது எங்ஙனம்? ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும். இளையவளின் விலகல்கள் +20, −10, −20, 0, +10. இவற்றைக் கூட்டிப் பார்த்தோம், பூச்சியம் வந்தது. மூத்தவனுக்கும் பூச்சியமே. எண்களை மாற்றி மாற்றி ஒரு நோட்டுப் பக்கம் முழுவதும் போட்டுப் பார்த்தோம், எப்பொழுதும் பூச்சியமே. கணக்காசிரியர் சிரித்துவிட்டு, மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும் சரிக்குச் சரியாய் நிற்கும் இடத்துக்கே சராசரி என்று பெயர். ஆதலாற் கூட்டினாற் பூச்சியம் வாராமல் வேறென்ன வரும் என்றார். நாற்பத்தைந்தாம் வயதில் இதனை அறிந்தோம் என்று சொல்ல எமக்கு நாணமில்லை.

ஆகவே கழித்தற் குறியைப் போக்குதற்கு ஒவ்வொரு விலகலையும் அதனாலேயே பெருக்குகின்றார்கள். கழித்தலைக் கழித்தலாற் பெருக்கினாற் கூட்டல் ஆகிவிடும். இளையவளுக்கு 400, 100, 400, 0, 100, கூட்டினால் 1000, ஐந்தால் வகுத்தால் 200. பள்ளிப் புத்தகம் இதனை விலக்க வர்க்கச் சராசரி என்னும். ஆனால் 200 என்பது மதிப்பெண் அன்று, மதிப்பெண்ணின் வர்க்கம். முழத்தால் அளந்த துணியைச் சதுர முழத்தில் விலை கேட்டாற் போல் அது பொருந்தாது நிற்கின்றது. பழைய அளவைக்குத் திரும்புதற்கு வர்க்கமூலம் காண்கின்றார்கள். 200-இன் வர்க்கமூலம் 14.14. அச்சிறுவன் கேட்ட எண்ணே இஃது! மூத்தவனுக்கு இவ்வாறே செய்தால் வர்க்கங்கள் 4, 1, 4, 0, 1, கூட்டுத்தொகை 10, வகுத்தால் 2, மூலம் 1.41. சராசரி ஒன்றே, விலக்கமோ பத்து மடங்கு வேறு.

எனவே 14.14 என்பதன் பொருள் யாதெனின், இவளுடைய மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி ஏறத்தாழ 14 மதிப்பெண் அளவு பரந்து கிடக்கின்றன என்பதே. அது தேர்ச்சியுமன்று, தோல்வியுமன்று, பரப்பு.

மாணவர்க்கு இங்கே ஒரு சிறு குறிப்பு. பத்தாம் வகுப்பில் எண்ணிக்கையால் வகுக்கின்றீர்கள். கல்லூரிக்குச் சென்றபின், பெருந்தொகுதி ஒன்றிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து முழுமையை மதிப்பிடும் இடத்தில், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கச் சொல்வார்கள். இரண்டும் சரியே, எக்கணக்கில் எது என்று கேட்டுக்கொள்க.

இச்சொற்களைப் பற்றிச் சிறிது சொல்லாதுவிடின் தமிழாசிரியர் என்னும் பெயர் எமக்குப் பொருந்தாது. திட்டம் என்றவுடன் பிள்ளைகட்கு அரசாங்கத் திட்டம் நினைவுக்கு வருகின்றது. நம் வீட்டுப் பெண்மக்களோ குழம்பில் உப்புத் திட்டமாயிருக்கின்றது என்பார்கள். அளவாக, வரையறையாக என்னும் அப்பொருளே இங்குக் கொள்ளத் தக்கது. விலக்கம் என்பதில் எமக்குச் சற்று மனக்குறை உண்டு. விலக்குதல் பிறர் செய்வது. விலகுதல் தானே செய்வது. எண்களை எவரும் விலக்கி வைக்கவில்லை. அவை தாமே விலகி நிற்கின்றன. விலகல் என்றிருப்பின் நன்று என்று கணக்காசிரியரிடம் கூறினோம். தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்றார். ஆதலின் மாணவர்கள் விலக்கம் என்றே எழுதுக.

இப்பெயரின் ஆங்கில மூலத்தை 1893-ஆம் ஆண்டில் வழக்கிற் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அதனோடு ஒட்டிப் பேசப்படும் இயல்நிலைப் பரவலோ அதற்கும் மூத்தது. 1733-இலேயே தெ மோவர் என்பார் சூதாட்டக் கணக்குகளை ஆராய்ந்து அதன் வடிவைக் கண்டார். 1809-இல் காஸ் என்பார் வான்கோள்களை அளப்பதில் நேரும் பிழைகட்கு அதனைப் பொருத்தினார்.

சூதாட்டம் என்றவுடன் பெரியோர்கள் முகம் சுளிக்க வேண்டா. நம் வீட்டுத் தாய்மார்கள் ஒருபுறம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டித் தாயம் ஆடுவதுண்டல்லவா? அதுவே போதும். பத்துக் கொட்டைகளை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழச் சம வாய்ப்பு என வைத்துக்கொள்க. பத்தும் விழக்கூடிய வகைகள் 1024. அவற்றுள் ஐந்து வெள்ளை விழும் வகைகள் 252. நான்கு வெள்ளைக்கு 210. ஆறு வெள்ளைக்கும் 210. மூன்றுக்கும் ஏழுக்கும் 120 ஆக, இரண்டுக்கும் எட்டுக்கும் 45 ஆக, ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் 10 ஆகக் குறைந்து, பத்தும் வெள்ளையாக ஒரே ஒரு வகை, பத்தும் கறுப்பாக ஒரே ஒரு வகை என்று முடிகின்றது. இவ்வெண்களின் உயரத்துக்குக் கோடுகளை அடுத்தடுத்து நிறுத்தி மேல்முனைகளை இணைத்தால் கோயிலில் தொங்கும் மணியின் வடிவம் தோன்றும். நடுவே உயர்ந்து, இருபுறமும் ஒரே சீராய்ச் சரிந்து, விளிம்பிற் படிந்து கிடக்கும்.

இம்மணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 100-க்கு ஏறத்தாழ 68 அடங்கும், இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7. நம் புளியங்கொட்டைகட்குத் திட்ட விலக்கம் 1.58, ஆதலின் நான்கு, ஐந்து, ஆறு வெள்ளைகள் ஒரு விலக்கத்துக்குள் வருகின்றன. அவை 1024-இல் 672. அஃதாவது 100-க்கு ஏறத்தாழ 66. பத்தே கொட்டைகளில் இவ்வளவு நெருங்கி வருகின்றதெனின், கொட்டைகள் பெருகப் பெருக இன்னும் நெருங்கும்.

இங்கே கருதத் தக்கது ஒன்றுண்டு. மணி வடிவம் ஏன் வந்தது? எந்தக் கொட்டையும் தனியே ஆட்டத்தை முடிவு செய்யவில்லை. சிறு சிறு காரணங்கள் பல, ஒன்றையொன்று சாராமல், கூடி நின்றன. ஒன்று மேலே தள்ள மற்றொன்று கீழே இழுக்கின்றது. இந்நிலை உள்ள இடத்தில் மணி தோன்றும். இல்லாத இடத்தில் தோன்றாது. வீட்டுக் கணக்கில் "இயல்நிலைப் பரவல் எனக் கொள்க" என்று எழுதியிருப்பதால் உலகமெல்லாம் அவ்வாறே கொண்டிருக்கும் என்று பிள்ளைகள் மயங்குகின்றார்கள். அம்மயக்கம் பெரியோரையும் விட்டதில்லை. இவ்வடிவுக்கு இயல்பானது என்னும் பெயரைப் பரவச் செய்தவருள் ஒருவராகிய பியர்சனே, பிற வடிவங்களெல்லாம் இயல்புக்கு மாறானவை என்று மக்கள் எண்ண அப்பெயர் இடந்தந்துவிட்டதே என்று பிற்காலத்தில் எழுதினார்.

நம் மழையைக் கொண்டு இதனை விளக்குவோம். சிற்றாற்றங்கரையில் வாழும் நமக்கு மழையினும் நெருங்கிய செய்தி வேறில்லை.

சூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நெடுங்காலச் சராசரி, 1971 முதல் 2020 வரையுள்ள 50 ஆண்டுக் கணக்கின்படி, 87 சென்டிமீட்டர். அதன் திட்ட விலக்கம் சராசரியிற் பத்தில் ஒரு பங்கு அளவே. இம்மழை 122 நாட்களில், எண்ணிறந்த ஊர்களில் பெய்ததன் தொகுப்பு ஆதலின் மணி வடிவை ஓரளவு ஒட்டி வருகின்றது. 2009-ஆம் ஆண்டில் மழை சராசரியில் 100-க்கு 78 தான் பெய்தது. 22 பங்கு குறைவு என்பது இரண்டு திட்ட விலக்கத்துக்கும் அப்பாற்பட்டது. ஒரு தலைமுறையில் ஓரிரு முறை நேரும் வறட்சி அது என்பதை இவ்வெண்ணே காட்டிவிடுகின்றது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் அப்பருவமழை சராசரியில் 96 முதல் 104 பங்குக்குள் இருந்தால் இயல்பு என்கின்றார்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைக்கோ, தென்னிந்தியப் பகுதியில், 88 முதல் 112 வரை இயல்பு என்கின்றார்கள். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு அகன்ற வாயில்? நம் மழையின் விலக்கம் பெரிது என்பதே விடை. அதனைச் சராசரியோடு ஒப்பிட்டுக் காணும் மாறுபாட்டுக் கெழு, தென்மேற்கு மழையைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டது. ஓராண்டு ஏரி உடையும். மறு ஆண்டு ஏரிக்குள் ஆடு மேயும். பிசானத்துக்கு நாற்றுப் பாவிவிட்டு வானத்தைப் பார்த்து நின்ற நம் முன்னோர் இதனைக் கெழு என்று எழுதவில்லை. குதிர் நிறைந்த ஆண்டில் விற்றுத் தீர்க்காமல் அடுத்த ஆண்டுக்கும் நெல்லை வைத்தார்கள். கணக்கு ஒன்றே.

பருவ மழையை விட்டு ஒரே ஊரின் ஒரே நாள் மழைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் மறந்தவர் இலர். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில், 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வூர் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மணி வடிவத்தை நம்பி ஒருவர் முன்னரே கணக்கிட்டிருந்தால், இத்தகைய நாள் உலகம் உள்ளளவும் வாராது என்றே விடை வந்திருக்கும். ஆனால் வந்தது.

பிழை கணக்கில் அன்று; மணியை அங்கே கொண்டு வைத்ததிற் பிழை. நாள் மழையில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் பூச்சியம். சில நாட்கள் தூறல். என்றோ ஒரு நாள் பேய்மழை. அந்நாளில் சிறு காரணங்கள் எதிரெதிர் நின்று சமன் செய்யவில்லை. எல்லாம் ஒரே திசையில் ஒன்றையொன்று வளர்த்தன. அதன் வடிவம் ஒரு புறம் செங்குத்தாய் உயர்ந்து மறுபுறம் நெடுந்தொலைவு வால் நீண்டு கிடக்கும். இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றைக் கணக்காசிரியர் சொன்னார். சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பார். பூச்சியத்துக்குக் கீழே செல்ல இயலாத பொருளுக்கு எதிர்க்குறி விடை வந்தால், அங்கே மணியை நம்பாதே. பூச்சியத்துக்குக் குறைந்த மழை எந்நாட்டிலும் பெய்ததில்லையே!

இனி எம் பிழைக்கு வருவோம். நம் சங்கக் கல்வி நிதியிலிருந்து படிப்புதவி பெறும் பிள்ளையின் மதிப்பெண், முன் தேர்வினும் பத்துக்கு மேற் குறைந்தால் உதவியை நிறுத்தலாம் என்று ஒரு விதி உண்டு. அவ்விதியைச் செந்தமிழில் வரைந்து கொடுத்தவர் யாமே. அதன்படி ஒரு பெண்ணின் உதவியை நிறுத்தினோம். கணக்கில் முன்னர் 85 பெற்றவள் அடுத்த தேர்வில் 71 பெற்றாள். பதினான்கு குறைவு, விதி தெளிவாயிருந்தது, கையெழுத்திட்டோம். அவள் தந்தையார் தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்ப்பவர். ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. அச்சிறுமியும் சொல்லவில்லை.

திட்ட விலக்கம் இன்னதென்று விளங்கிய பின்னர் அக்கோப்பு எம் நெஞ்சை உறுத்திற்று. அவள் வகுப்பின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டுப் பெற்று, கணக்காசிரியருடன் அமர்ந்து பார்த்தோம். முதல் தேர்வு எளிது. வகுப்பின் சராசரி 75, திட்ட விலக்கம் 10. அவள் பெற்ற 85, சராசரிக்கு மேல் ஒரு விலக்கம். இரண்டாம் தேர்வு கடிது. சராசரி 53, திட்ட விலக்கம் 9. அவள் பெற்ற 71, சராசரிக்கு மேல் இரண்டு விலக்கம். மணி வடிவம் அங்கே பொருந்துமோ என்று ஐயுற்று, தலைகளையே எண்ணினோம். 42 பேர் கொண்ட வகுப்பில் முதல் தேர்வில் அவளுக்கு மேல் ஏழு பேர். இரண்டாம் தேர்வில் ஒருவரே. அவள் ஏறியிருந்தாள், நாம் இறங்கினாள் என்று எழுதினோம். அடுத்த கூட்டத்தில் உதவி திரும்ப வழங்கப்பட்டது மெய். ஆனால் இடையில் ஓராண்டு போயிற்று. அவ்வாண்டுக் கட்டணத்துக்கு அவள் தாயார் காதிலிருந்த கம்மலை அடகு வைத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எம் இனத்து ஆசிரியரையும் இங்கே விட்டுவைத்தல் ஆகாது. தமிழ்த்தாள் திருத்துவோர் பெரும்பாலும் கை தாராளம் உடையோர்; எல்லார்க்கும் 70-ஐ ஒட்டியே இடுவோம். திட்ட விலக்கம் 5 என்றால், 80 பெற்றவன் இரண்டு விலக்கம் மேலே நிற்கின்றான். கணக்கில் சராசரி 50, விலக்கம் 12 என்றால், 74 பெற்றவனும் அதே உயரத்தில் நிற்கின்றான். 80 பெரிதா 74 பெரிதா என்று இரு வீட்டார் தெருவில் வாதிடுவதைக் கேட்டிருக்கின்றோம். இரண்டும் ஒன்றே.

ஆகவே கல்வி நிதிக் குழுவினர்க்கு எம் வேண்டுகோள் இது. யாம் வரைந்த அவ்விதியை இன்றே நீக்குக. விண்ணப்பத்தோடு பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், வகுப்பின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பள்ளியினின்று கேட்டுப் பெறுக. அவற்றைக் கணக்கிட்டுத் தர இயலாத பள்ளியாயின், வகுப்பில் எத்தனை பேர், அப்பிள்ளைக்கு மேல் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்கள் போதும். எவ்வகையாயினும், உதவியை நிறுத்துமுன் பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்து ஒரு முறை கேட்டல் வேண்டும் என்பதையும் விதியிற் சேர்க்க. மாற்று விதியின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கின்றோம். செயலர் அவர்களிடம் தருகின்றோம்.

கணக்காசிரியர் அவர்கள் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு இக்கட்டடத்துக்கு வந்து பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகட்குப் புள்ளியியல் சொல்லித்தர இசைந்துள்ளார். கட்டணம் இல்லை. திண்ணைக்கு வந்த அச்சிறுவனும் வருகின்றான். யாமும் பின்வரிசையில் அமர்வோம். பிள்ளைகள் நோட்டோடு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டைகளை ஒருபுறம் தேய்த்துக் கொண்டு வருக.